பூலானின் எடை

எங்கள் ஊரில் பெயர் என்பது ஒரு முறை வைத்து முடிகிற காரியம் இல்லை. முதல் பிள்ளை பிறந்ததும் தாயும் தகப்பனும் பழைய பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுப் பெயர் எடுத்துக்கொள்வார்கள். எருமை வெட்டி, ஊரைக் கூட்டி, சபை நடுவில் அறிவித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஈப்போவில் வைத்தியலிங்கமாகப் பிறந்த நானே இந்த மலையில் விமான ஓடுதள வேலைக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, வேதத்துக்கும் வந்து, மூத்த மகள் பிறந்த வருஷம் அகான் ஆகிவிட்டேன். ஈப்போவில் இருக்கும் என் அக்காள் மட்டும் இன்னும் லிங்கம் என்கிறாள். அவள் இங்கே வந்ததில்லை.

லியானுக்கு நாற்பத்து நான்கு வயது. இன்னும் லியான்தான்.

அவன் என் மனைவிக்குப் பெரியப்பா மகன், எனக்கு மச்சான். அவன் மனைவி சுபாங்குக்கு ஒரு பிள்ளையும் நிற்கவில்லை. மூன்று முறை உண்டாகி மூன்று முறையும் கலைந்து போயிற்று. அவனோடு சேர்ந்து தவளை பிடித்தவர்கள் எல்லாம் புதுப் பெயர் எடுத்து, சிலர் பேரப்பிள்ளை கண்டு மூன்றாவது பெயருக்கும் போய்விட்டார்கள். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் எங்கள் நீள்வீட்டில் சின்னப் பயல்கள்கூட அவனை "லியான், லியான்" என்று கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

அந்த வருஷம் ஆகஸ்டில் அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிராயானிலிருந்து நாற்று நட வந்த யூலி என்கிற பெண், இரண்டு வருஷமாக அவர்களோடுதான் இருந்தாள். வரும்போதே முதுகில் ஒரு பெண் குழந்தை. காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் யூலி போய்விட்டாள். குழந்தை பூலானுக்கு அப்போது மூன்று வயது. கழுத்து நிற்காது. கை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். பேச்சு கிடையாது. யூலியின் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியதற்கு, "புதைத்தவர்களே பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று பதில் வந்தது.

சுபாங்தான் ஊட்டினாள். இலையில் பொதிந்து குழைய வேகவைத்த சோற்றைக் கட்டைவிரலால் இன்னும் மசித்து, பூலானின் தலையை முழங்கை மடிப்பில் நிறுத்தி, நாக்கின் நடுவில் ஒரு துளி வைக்க வேண்டும். விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்து அடுத்த துளி. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம். அவசரப்பட்டால் புரை ஏறி முகம் நீலம் பாயும்.

அக்டோபரில் லியானின் தம்பிக்கு மருடியில் நாலாவது மகன் பிறந்தான். தம்பி ஆள்மேல் ஆள் விட்டுச் சொன்னான், பையனை அண்ணனுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று. தம்பி மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "அக்கா கை காலியா இருக்கணும். ரெண்டு பச்சைப்பிள்ளைய ஒருத்தி பாக்க முடியாது. முடியலேன்னா சொல்லிடுங்க, லிம்பாங்ல என் தங்கச்சி கேக்கறா." அவளைக் குறை சொல்ல முடியாது. பெற்றவள் கேட்கிற நியாயம்தான் அது.

மீரி நகரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருந்தது. லியான் எழுதிப் போட்டான். நவம்பர் முதல் வாரம் பதில் வந்தது: சேர்த்துக்கொள்கிறோம், வியாழக்கிழமை விமானத்தில் கூட்டி வாருங்கள், தாதி ஒருத்தி விமான நிலையத்தில் நிற்பாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானும் என் மனைவியும் அவர்கள் அடுப்படியில் சாப்பிட்டோம். வெளியே மழை. மூங்கில் குருத்தும் புகையில் வாட்டிய மான் கறியும் இருந்தன. லியான் சோற்றுப் பொதியைப் பிரித்தவன் சாப்பிடாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நான் கர்த்தர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருக்கேன்," என்றான்.

"என்ன அடையாளம்?"

"வியாழக்கிழமை ப்ளேன் வந்தா, இவ மீரிக்குப் போறா. வரலேன்னா இங்கேயே இருக்கா. வேதத்துல கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு, அதுல பனி விழுதான்னு பாத்து அடையாளம் கேட்டான்ல, அந்த மாதிரி. காலையில ஜெபத்துல கேட்டேன். கேட்டதும் மனசு அப்படியே அமைதியாயிடுச்சு."

சுபாங் பூலானுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "தூங்கறவனுக்குந்தான் அமைதியா இருக்கும்," என்றாள்.

"இவ எப்பவும் இப்படித்தான். நீயும் ஜெபிச்சியா இல்லையா, சொல்லு."

"நான் இன்னும் கேட்டு முடிக்கல."

"கேட்டு முடிக்க என்ன இருக்கு? ரெண்டே வழி. ஒண்ணு இது, ஒண்ணு அது."

"உனக்கு ஒரு வார்த்தையில முடிஞ்சிடுது. எனக்கு முடியல. நாளைக்கு உப்பு காய்ச்சப் போறேன். பகல் சாப்பாடு வேணாம். அடுப்பு முன்னால உக்காந்து கேக்கறேன். நீ உன் மாதிரி கேளு, நான் என் மாதிரி கேக்கறேன்."

என் மனைவி குறுக்கே வந்தாள். "ஏம்மா, அந்தப் பையனை நெனச்சுப் பாரு. உங்க ரெண்டு பேருக்கும் பேரு வரும். எங்க வீட்டு எருமைய நான் தரேன் விருந்துக்கு."

"எனக்கு ஆசையில்லேன்னா சொன்னேன் அண்ணி? நேத்து அந்தப் பிள்ளைக்கு ஒரு குல்லா பின்ன ஆரம்பிச்சுட்டேன். பாதி முடிஞ்சிருக்கு." அப்போது பூலானுக்குப் புரை ஏறவே பேச்சு நின்றுபோயிற்று. சுபாங் குழந்தையைக் குப்புறச் சாய்த்து முதுகைத் தட்டினாள். கடைசியில் அது இருமி அழுதது. லியான் எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்து நின்றான்.

உப்புக் கேணி ஊரிலிருந்து அரை மணி நடை. மறுநாள் எங்கள் வீட்டு உப்புக்குச் சொல்லிவைக்கப் போனேன். கொட்டகை முழுக்கப் புகை. பிளந்த எண்ணெய்ப் பீப்பாயில் ஊற்றுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இது மூன்று நாள் வேலை. விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் சுண்டி அடியில் உப்புப் படியும்போது கிண்டாமல் விட்டால் கரிந்து மஞ்சளாகிவிடும். பிறகு மூங்கில் குழாயில் அடைத்து நெருப்பில் சுட்டு, குழாயைப் பிளந்து, கட்டி உப்பை இலையில் சுற்றி வைப்பார்கள். சுபாங் முகமெல்லாம் கரியோடு அகப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுத் தூளியில் பூலான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பதில் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"உப்பு கூடக் கேட்டவுடனே வரமாட்டேங்குது அண்ணே," என்றாள். சிரிக்கவில்லை. "நாளைக்கு ப்ளேன் வருமா?"

"இந்த மூட்டத்துக்கா? ஒரு வாரமா ஒண்ணும் இறங்கல. என் தீபாவளி முறுக்கு மீரியில உக்காந்து நமத்துப் போவுது."

வேதத்துக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியும் அக்காள் அனுப்புகிற முறுக்கை மட்டும் என்னால் விட முடியவில்லை. போதகரும் இரண்டு எடுத்துக்கொண்டு கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

வியாழன் காலை ஓடுதளத்தின் மறுமுனை தெரியவில்லை. நான் தராசைத் துடைத்து வைத்துவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு விமானி கேட்டான், எப்படி இருக்கிறது என்று. எட்டிப் பார்த்தேன். தெற்கு மலை லேசாக வெளுத்திருந்தது. எப்போதும் இந்த மாதிரி வெளுப்பைப் பார்த்தால் "இன்னும் பொறு" என்றுதான் சொல்வேன். அன்றைக்கு முறுக்கு நினைவு வந்தது. "தெற்குப் பக்கம் திறக்குது, வந்து பாரு," என்றேன். பொய் இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அவன் வந்திருக்க மாட்டான்.

வந்தான். மூட்டத்தில் ஒரு பொத்தல் வழியாக இறங்கிவிட்டான். அவன் சக்கரம் மண்ணைத் தொட்ட பத்தாவது நிமிஷம் பொத்தல் மூடிக்கொண்டது.

லியான் பூலானைத் தூளியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். கையில் ஒரு பை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான்.

"பாத்தியா மச்சான்! ஒரு வாரமா இல்லாத ப்ளேன்!"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "லியான், நான் ஒண்ணு சொல்லணும். அதை நான்தான் வரச் சொன்னேன். என் முறுக்குக்காக."

அவன் பையைத் தராசருகே வைத்தான். பிறகு சிரித்தான். "பிலேயாமோட கழுதைய பேச வச்சவரு, உன் முறுக்கை வச்சு ப்ளேன் இறக்க மாட்டாரா? எடையைப் போடு."

எங்கள் விமானத்துக்கு ஆளையும் மூட்டையையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். கைக்குழந்தைக்கும் எடை எழுத வேண்டும். பூலானைத் தராசில் உட்கார வைக்க முடியாது, சரிந்து விழுந்துவிடுவாள். லியான் அவளோடு ஏறி நின்றான். பிறகு அவளை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினான். அவள் தலை என் முழங்கை மடிப்பில் தானாக வந்து விழுந்தது. மூக்கால் என் சட்டையை முகர்ந்தாள்.

"ஒம்போது கிலோ," என்றேன்.

"மூணு வயசுக்கு ஒம்போது," என்று வரிசையில் நின்ற ஒருத்தி முனகினாள்.

மூட்டம் விலகவில்லை. விமானி என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பயணிகள் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். "ஏம்ப்பா லியான், இறங்க விட்டவரு ஏற விடலியே. உன் அடையாளத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கும்போல!" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். ஊரில் ரகசியம் ஏது? லியான் சிரிக்கவில்லை. பூலானின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கால் மணி கழித்து சுபாங் வந்தாள். ஓடி வந்திருக்கிறாள். முழங்கால் வரை சேறு, முகத்தில் கரி, கையில் அகப்பை அப்படியே இருந்தது.

"உப்பு?" என்றான் லியான்.

"கரிஞ்சுபோகட்டும். ப்ளேன் சத்தம் கேட்டுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். குழந்தையைக் கேட்கவில்லை. "நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. ஜெபத்துல என்ன கேட்டே?"

"அதான் சொன்னேனே. ப்ளேன் வருதா வரலியான்னு."

"அப்படியா கேட்டே?"

அவன் பூலானின் வாயை மறுபடி துடைத்தான். நாங்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தோம்.

"வரணும்னு கேட்டேன்," என்றான் கடைசியில். "வந்துடணும் ஆண்டவரேன்னுதான் கேட்டேன். போதுமா?"

"திட்டறதுக்கு வரல நான். நானும் முதல் நாள் அதைத்தான் கேட்டேன்."

"அப்புறம் என்ன? சுபாங், நாம செத்த பிறகு இவளுக்கு யாரு ஊட்டுவா?"

"தெரியாது."

"அந்தப் பையன்னா நமக்கு ஊட்டுவான்."

"ஆமா, ஊட்டுவான்."

"இவ ஒருநாளும் என்னை அப்பான்னு கூப்பிடமாட்டா."

"மாட்டா."

"எல்லாத்துக்கும் ஆமாம் போடறே. அப்புறம் ஏன்டி?"

சுபாங் அகப்பையைக் கீழே வைத்தாள். "பையனை நெனச்சு ஜெபிச்சா இனிக்குது. கரும்பு மாதிரி இனிக்குது. ஆனா கொஞ்ச நேரத்துல இவ பேச்சு வராம பாத்துப் பாத்துப் பேச வேண்டியிருக்கு. ஆண்டவர்கிட்டயே ஒண்ணை மறைச்சுக்கிட்டுப் பேசறேன். இவளை நெனச்சா பயமா இருக்கு. நேத்து அடுப்பு முன்னால ரெண்டு தடவை அழுதேன். ஆனா அழுது முடிச்சா மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் அவரு முன்னால கிடக்கு. மூணு நாளும் அப்படியேதான் இருந்துச்சு, மாறல. மறைச்சுப் பேச வேண்டிய சந்தோஷம் எனக்கு வேணாம். எனக்கு இவ்வளவுதான் தெரியும். நீ அனுப்பினா நான் உன்னை விட்டுட்டுப் போயிட மாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

விமானி எழுந்து வெளியே பார்த்தான். தெற்கு மலை தெரிந்தது. "பத்து நிமிஷம்," என்றான்.

"ஜெபிக்கலாம்," என்றாள் பெஞ்சிலிருந்த ஒருத்தி. எங்கள் ஆட்களுக்கு ஜெபிக்க இடம் காலம் வேண்டாம். பன்னிரண்டு பேரும் எழுந்து ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் வாய்விட்டு ஜெபித்தார்கள். வெளியாளுக்குச் சந்தை இரைச்சல் மாதிரி இருக்கும். அந்த இரைச்சலில்தான் ஒருவன் தனியாக இருக்க முடியும். நானும் ஜெபித்தேன். முறுக்குக்காக மன்னிப்புக் கேட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது லியான் வாயே திறக்கவில்லை. பூலானைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

ஆமென் சொல்லி முடித்ததும் எல்லோரும் மூட்டையைத் தூக்கினார்கள். லியான் என் மேசைக்கு வந்தான்.

"மச்சான், எங்க பேரை அடிச்சுடு."

அடித்தேன். ஒன்பது கிலோவையும் அடித்தேன்.

"மருடிக்கு ரேடியோ போடு. நானே பேசறேன்."

ரேடியோவில் பேசினால் மலைநாடு முழுக்கக் கேட்கும். அவனுக்கும் அது தெரியும். தம்பி அந்த முனைக்கு வந்ததும் லியான் சொன்னான்: "தம்பி, பையனை லிம்பாங்குக்கே கொடுத்துடு. எங்க கை காலியா இல்ல." தம்பி, "அண்ணே, நல்லா யோசிச்சியா?" என்றான். "யோசிச்சிருந்தா கொடுன்னு சொல்லியிருப்பேன். ஜெபிச்சுட்டேன். வச்சுடறேன்," என்று லியான் ஒலிவாங்கியை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனான். விமானம் கிளம்பியது. சத்தத்துக்குப் பூலான் அழுதாள். சுபாங் அவளை வாங்கிக்கொண்டாள். என் முறுக்குப் பொட்டலம் மேசையில் இருந்தது. அன்றைக்கு அதைத் தின்ன எனக்கு மனசு வரவில்லை.

கரிந்த உப்பை அவர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட்டார்கள்.

மீதிக் கதை லேசானதென்று நினைக்க வேண்டாம். ஜனவரியில் பூலானுக்கு வலிப்பு வந்தது. அறுவடையில் சுபாங்கால் பாதி நாள்தான் வயலில் இறங்க முடிந்தது. லியான் ஒற்றை ஆளாக மழைக்கு முந்திக்கொள்ளப் பார்த்து, ஒரு வயல் கதிர் சாய்ந்து முளைவிட்டது. பாதி பின்னிய குல்லாவை சுபாங் முடித்து லிம்பாங்குக்கு அனுப்பினாள். அனுப்பிய அன்று அடுப்படிப் பக்கம் யாரையும் வர விடவில்லை.

ஜூன் விடுமுறையில் விருந்து வைக்கப்போவதாக லியான் சொன்னபோது ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. பெயர் விருந்து என்பது வம்சம் விளங்குவதற்கு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு விருந்தா? லியான் வாதாடவில்லை. ஒரே ஒரு எருமையை ஒதுக்கினான். வருகிறவர்கள் வரட்டும் என்றான். என் மனைவி சொன்ன சொல் தவறாமல் எங்கள் எருமையையும் ஓட்டிக்கொண்டு போய்க் கட்டினாள். கடைசியில் இரண்டும் போதவில்லை. ரேடியோவில் கேட்டிருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். லிம்பாங்கிலிருந்து அந்தப் பையனும் குல்லாவோடு வந்தான். எட்டு மாசம், கொழுகொழுவென்று இருந்தான். தவழ்ந்து வந்து லியான் காலைப் பிடித்தான். லியான் அவனைத் தூக்கி, முகர்ந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அவனுடைய லிம்பாங் தாயிடம் கொடுத்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு போய்ப் பூலானை வாங்கிக்கொண்டு சபை நடுவில் நின்றான். மூப்பர் இரண்டு புதுப் பெயரையும் உரக்கச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை.

அடுத்த வியாழன் உப்புக் கட்டிகளை மீரிக்கு அனுப்ப அவன் ஓடுதளத்துக்கு வந்தான். வரிசையில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்றான். தூளியில் பூலான்.

"லியான்! மூட்டையை இப்படிக் கொண்டா," என்றேன்.

அவன் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பக்கத்திலிருந்தவளிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து என்ன பிரயோஜனம்?

"பாரான்!" என்றேன்.

"என்ன மச்சான்?" என்று உடனே திரும்பினான். முன்னே வந்து உப்பைத் தராசில் வைத்தான். எழுதிக்கொண்டேன். அவன் நகரவில்லை.

"இவளையும் போடு."

"இவ எங்கயும் போகலியே?"

"போகாட்டி என்ன? போடு."

அவளோடு ஏறினான். என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினான். அவள் தலை என் முழங்கையில் விழுந்தது. நான் கழித்துப் பார்த்தேன்.

"ஒம்போது முந்நூறு."

"எவ்வளவு?"

"ஒம்போது கிலோ முந்நூறு கிராம்."

அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "முந்நூறு கிராம் கூடியிருக்கா என் மக," என்று கடைசியில் நின்றவனுக்கும் கேட்கும்படி சொன்னான்.